பந்தம் பிடிக்காத பேரன்: வன்னிச் சபை ஒன்றில் புதிய விசுவாசிகள்

குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் நிற்பார். பக்கத்தில் வெள்ளை உடுப்போடு புதிய விசுவாசி, கரையில் பாடிக்கொண்டு சபையார். இப்படி ஒரு ஞானஸ்நானப் படம் வன்னியில் அனேகமாக எல்லாச் சபைகளிடமும் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் இரண்டு வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் பேச்சுத் தடுமாறும். அந்தக் கேள்வியை ஒரு சபையிடம் கேட்டு, கிடைத்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

சபை கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே உள்ள ஒரு குடியேற்றத்தில் இருக்கிறது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன். சபையின் பெயரும் தேவையில்லை. எந்தப் பெரிய சபையோடும் சேராத தனிச் சபை, பெந்தெகொஸ்தே வழிபாடு. 2009 மே மாதம் யுத்தம் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்த சனம் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பிய காலத்தில் தகரக் கொட்டிலில் தொடங்கியது. முகாமிலேயே ஜெபக் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள்தான் முதல் விசுவாசிகள். பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் சைவக் குடும்பத்தவர்கள், அதிலும் பெண்களே அதிகம். கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கணவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

ஊருக்குள் இவர்களுக்கு 'அல்லேலூயாக்காரர்' என்று பெயர். "அரிசிக்கும் தகரத்துக்கும் மாறினவை" என்பது இன்னொரு பேச்சு. இது புதுக் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டபோது, பொடியள் ஆங்கிலப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும்தான் வருகிறார்கள் என்ற மனக்குறை மிஷனுக்குள்ளேயே இருந்தது. இந்தச் சபைக்கும் உதவியை நம்பி வந்து, உதவி நின்றதும் போனவர்கள் உண்டு. ஆனால் போனவர்கள் ஒவ்வொருவராக எப்போது போனார்கள் என்று பாஸ்டரும் மூத்த சகோதரிகளும் சேர்ந்து நினைவுபடுத்திப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அதிகம் பேர் விலகியது வீட்டில் ஏதோ ஒரு காரியம் நடந்த கையோடு. ஒரு செத்தவீடு, ஒரு சாமத்தியவீடு, ஒரு திவசம், அல்லது கோயில் பொங்கல். வேதபாடம் விளங்காமல் போனவர் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

முன்பு இருந்த ஏற்பாடு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புதியவர்களை ஒரு பக்கம் இருத்தி வகுப்பு எடுப்பார்கள். தமிழ்நாட்டில் அச்சிட்ட பாடப் புத்தகம். அதில் வரும் விசுவாசி ரயிலில் அலுவலகம் போவார், மேலதிகாரியிடம் சாட்சி சொல்வார். கச்சான் பிடுங்கப் போகும் பெண்ணுக்கு அந்த ரயில் எந்தப் பக்கத்தால் போகிறது என்றே தெரியாது. இடம்பெயர்வில் படிப்புக் குழம்பியவர்கள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். நாலு பேருக்கு முன்னால் வாசிக்கச் சொன்னால் அடுத்த ஞாயிறு வரமாட்டார்கள். பாடங்கள் முடிந்ததும் ஞானஸ்நானம். அதோடு சபையின் கடமையும் முடிந்த மாதிரி.

வீட்டு வாழ்க்கைக்கான அறிவுரை எல்லாம் ஒற்றை வரிக் கட்டளையாகவே வந்தது. படைத்ததைத் தொடாதே, பொட்டு வைக்காதே, கோயில் பக்கம் போகாதே. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது, எந்த நேரம் பார்த்துச் சொல்வது, சொன்ன பிறகு அந்த வீட்டில் எப்படிச் சீவிப்பது என்பதற்குப் பாடம் இருக்கவில்லை.

செத்தவீடு

முப்பது வயது கடந்த ஒரு பெண். கணவருக்கு மேசன் வேலை. அவர் விசுவாசி இல்லை, மனைவி சபைக்குப் போவதைத் தடுக்கவும் இல்லை. மகளின் நீண்ட நாள் வருத்தத்துக்கு ஜெபிக்கக் கேட்டு வந்தவர், சில மாதங்களில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டார். அடுத்த சிறுபோக அறுவடை நேரத்தில் அவருடைய தகப்பன் இறந்துபோனார்.

வன்னிச் செத்தவீட்டுக் கிரியை தெரிந்தவர்களுக்கு இந்த இடம் விளங்கும். மூத்த மகன் கொள்ளி வைப்பார். சுண்ணம் இடித்துப் பாடும்போது பேரப்பிள்ளைகள் பிரேதத்தைச் சுற்றி நின்று பந்தம் பிடிப்பார்கள். அந்தப் பெண்ணின் மகனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். 2009இல் வட்டுவாகல் பாலம் கடந்தபோது அவன் கைக்குழந்தை. தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் அந்த அம்மப்பாதான். முதல் பந்தம் அவன் கையில் என்பது குடும்பத்தில் பேசத் தேவையில்லாத விஷயம்.

தாய் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாஸ்டருக்கு அழைப்பெடுத்தார். பதில் சுருக்கமாக வந்தது: பந்தமும் வேண்டாம், வாய்க்கரிசியும் வேண்டாம், பிள்ளையை அங்கே இருந்து கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் அப்படியே செய்தார். பறைமேளம் நின்று, ஐயர் பார்த்துக்கொண்டிருக்க, சனத்துக்கு நடுவில் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இனி இந்தப் படலைக்குள்ள காலடி வைக்காதே" என்றார் தமையன். எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் அவருக்குச் சொல்லவில்லை. ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டுப் போன கணவர், சபைக்கும் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார். ஒரு கிழமைக்குள் பிறந்த வீடும் இல்லை, சபையும் இல்லை. சபைப் பதிவில் அவருக்கு எதிரே 'பின்வாங்கினவர்' என்று எழுதப்பட்டது.

பந்தம் பிடிப்பது பாவமா இல்லையா என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பெந்தெகொஸ்தே போதகர்களில் பலர் ஒரு பதில் சொல்வார்கள், பழைய மிஷன் சபைகளில் வேறு பதில் கேட்கலாம். என் சங்கடம் வேறு. இறந்தவருக்கு வயது போயிருந்தது, படுக்கையிலும் இருந்தார்; இந்த நாள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் ஆறுதலாகப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டிய காரியம், பிரேதம் வீட்டில் இருக்க, இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் முடிந்தது. ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளையின் மேலும் அந்த முடிவு விழுந்தது. அதைவிட மோசம், சபையிலிருந்து ஒருவர்கூட அந்தச் செத்தவீட்டுக்குப் போகவில்லை. கிரியை நடக்கிற வீடு என்று பாஸ்டர் போகவில்லை, பாஸ்டர் போகவில்லை என்று மற்றவர்களும் போகவில்லை. கல்யாணவீட்டுக்கு வராவிட்டால் ஊர் பொறுத்துக்கொள்ளும், செத்தவீட்டுக்கு வராததைப் பொறுக்காது.

வேதாகமத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சம்பவம் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. குஷ்டம் நீங்கி கர்த்தரை ஏற்றுக்கொண்ட நாகமான், ஊருக்குத் திரும்பும்போது எலிசாவிடம் ஒரு சிக்கலைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்வான், நானும் குனிய வேண்டிவரும், என்ன செய்வேன்? எலிசா அவனைச் சமாதானத்தோடே போகச் சொல்கிறார். இதை வைத்து எதையும் அனுமதிக்கலாம் என்று வாதாட வரவில்லை. நாகமான் அந்தக் கேள்வியை வழியிலேயே, கோவிலுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, கேட்க முடிந்தது. கேட்க ஓர் ஆள் இருந்தார்.

கச்சான் ஆய வந்த அம்மா

அந்தப் பெண்ணைத் திரும்பத் தேடிப் போனது பாஸ்டர் இல்லை. வாய்க்கால் கரையில் இருக்கும் ஒரு வயதான அம்மா. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், நீண்ட காலமாக விசுவாசி. சபையில் யாரும் அவரை அனுப்பவில்லை. ஒரு பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், முற்றத்தில் கச்சான் ஆய்ந்துகொண்டிருந்த மாமியாருக்குப் பக்கத்தில் இருந்து தானும் ஆயத் தொடங்கினார். வேதாகமம் கொண்டு போகவில்லை. ஜெபிக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. மாமியார் முதல் சில தடவை தேத்தண்ணி கொடுக்கவில்லை. காரணம் சமயம் மட்டும் இல்லை. மலையகத்தார் என்றால் வன்னியிலும் ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்து எழுதிப் பயனில்லை. பிறகு ஒரு நாள் தேத்தண்ணி வந்தது. அதன் பிறகுதான் மருமகளோடு தனியாகப் பேச இடம் கிடைத்தது.

அந்த அம்மா முதலில் சொன்னது, "சபைக்கு வா எண்டு நான் கேக்கேல்ல மகள். முதல்ல அம்மாவைப் போய்ப் பார்." தமையன் இல்லாத நேரம் பார்த்துத் தாயிடம் போனார். தாய் அழுதார், மகளும் அழுதார், பந்தத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தகப்பனின் முதலாம் வருட நினைவான ஆட்டைத் திவசம் வருவதற்குப் பல கிழமை முன்பே அந்த அம்மாவும் இவரும் இருந்து யோசித்தார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்ய மனம் இடம் கொடுக்காது, அதை யாரிடம் முதலில் சொல்வது? அப்பாவின் வீட்டில் சமைப்பது, பாத்திரம் கழுவுவது, வந்தவர்களுக்குப் பரிமாறுவது எல்லாம் மகளின் கடமை. அதில் குறை வைக்கக்கூடாது. ஐயர் கிரியை செய்யும் நேரம் வெளியே மாமரத்தடியில் இருக்கலாம். படைக்க முன்னம் ஒரு பங்கு எடுத்து வைத்தால் சாப்பிடுவது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8ஆம் 10ஆம் அதிகாரங்களை இருவரும் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவாகக் கேட்டார்கள். விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் பற்றிப் பவுல் அங்கே எவ்வளவு நிதானமாக, இரண்டு பக்கமும் பார்த்துப் பேசுகிறார் என்பது வகுப்பில் அந்தப் பெண் கேட்டறியாத விஷயம்.

தமையனிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. அவர் பதில் பேசவில்லை. திவசத்தன்று விடிய முதலே போய் மரக்கறி வெட்டத் தொடங்கிய அந்தப் பெண், பின்னேரம் கடைசிக் கிடாரம் கழுவும் வரைக்கும் நின்றார். மச்சாள்தான், யாரும் கேட்காமலே, படைக்க முன்னம் ஒரு வாழையிலையில் சோறு எடுத்து மூடி வைத்தார். சபைக்குத் திரும்பி வரக் கணவர் சம்மதித்தது இதற்குப் பிறகுதான். தன் தகப்பன் செத்தாலும் இவள் இப்படி நின்று வேலை செய்வாள் என்று தெரிந்துவிட்டது என்றாராம்.

ஒரு வருடத்தை முன்வைத்து

இதைப் பார்த்த பிறகு சபை தன் ஏற்பாட்டை மாற்றியது. ஞாயிறு வகுப்பு இருக்கிறது, ஆனால் அது இரண்டாம் பட்சம். ஒவ்வொரு புதியவருக்கும் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு மூத்த விசுவாசி துணை. பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். துணையானவர் புதியவரின் வீட்டுக்குப் போக வேண்டும், தன் வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதுதான் போக வேண்டும். இரகசியச் சந்திப்பு இல்லை. பிரசங்கிகளில் சிலர் இதைப் பயம் என்கிறார்கள். என் பார்வையில் இந்த ஏற்பாட்டில் அதிகம் பலன் தந்தது இந்த விதிதான். மாமியாருக்கு முன்னால் சொல்லக் கூசுகிற அறிவுரை பெரும்பாலும் நல்ல அறிவுரையாக இருப்பதில்லை.

முதல் வேலை, இருவரும் இருந்து அந்த வீட்டின் ஒரு வருடத்தைப் பேசுவது. தைப்பொங்கலில் சிக்கல் குறைவு; புது அரிசியில் பொங்கி நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். குடும்பம் நேர்த்தி வைத்திருந்தால் கரைச்சல்தான். தாய்க்குச் சித்திரா பௌர்ணமி, தகப்பனுக்கு ஆடி அமாவாசை. புரட்டாதியில் நவராத்திரி, அதை ஒட்டிக் கௌரிக் காப்பு. காப்புக் கட்டாத மனைவிக்குக் கணவன் மேல் அக்கறை இல்லை என்று ஊர் பேசும். அதை எப்படித் தாங்குவது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயபாடம் கட்டாயம். சின்னப் பாடசாலையில் கிறிஸ்தவம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாவிட்டால் பிள்ளை சைவசமயம்தான் எழுத வேண்டும், சரஸ்வதி பூசைக்கும் நிற்க வேண்டும். சபை இதில் அவசரப்படுவதில்லை. பாடத்தைப் பாடமாகப் படி, நல்ல புள்ளி எடு என்கிறார்கள். சரியான முடிவு.

நவம்பர் 27 பற்றித்தான் நீண்ட வாக்குவாதம் நடந்தது. மாவீரர் நாளில் கனகபுரம், தேராவில் துயிலுமில்லங்களில் பிள்ளைகளுக்கு விளக்கேற்றும் தாய்மார் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். செத்தவர்களுக்கு விளக்கேற்றுவது வேதத்துக்கு விரோதம் என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. தாய்மார் எதிர்க்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனார்கள். சபை தன் விசுவாசிகளைப் பொய் சொல்ல வைக்கிறது என்று அந்த மலையக அம்மாதான் மூப்பர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டார். இப்போது துணையானவர்கள் அவர்களோடு கூடவே போய் நிற்கிறார்கள். விளக்கேற்றுவதா இல்லையா என்பது தாயின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

"மகன் வருவான்"

எல்லாம் இப்படித் தீரவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்து வருபவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கன்வென்ஷன் கூட்டத்தில் அவர் தலையில் கைவைத்து, மகன் உயிரோடு இருக்கிறான், திரும்பி வருவான் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். பிரசங்கியார் போய்விட்டார். மகன் வரவில்லை.

இந்தத் தாய்க்குத் துணையாக இருப்பது சபையிலேயே பாரமான வேலை. 'வருவான்' என்று சொல்லக்கூடாது, ஏனென்றால் தெரியாது. 'விட்டுவிடுங்கள், ஆண்டவர் சித்தம்' என்றும் சொல்லக்கூடாது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அரசாங்கத்திடம் கேட்க ஒரு தாய்க்கு உரிமை இருக்கிறது. துணையான சகோதரி போராட்டக் கொட்டகையில் போய் இருக்கிறார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமல் போனோர் அலுவலகத்துக்கு ஆவணம் கொடுக்கும் நாளில் கூடப் போனார். சங்கீதங்களில் முறைப்பாடாக உள்ளவற்றை இருவரும் கேட்கிறார்கள், 13ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப. தாய் ஞாயிறுதோறும் வருகிறார், திருவிருந்து மட்டும் எடுப்பதில்லை. "எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கு" என்கிறார். அவசரப்படுத்த வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். வெளியூர்ப் பிரசங்கியார்கள் தனியாட்களுக்குத் தீர்க்கதரிசனம் சொல்வதை இந்தச் சபை நிறுத்திவிட்டது. இதனால் கன்வென்ஷனுக்குக் கூட்டம் குறைந்தது உண்மை.

மேடை ஏற்றிய பொடியன்

யுத்தத்துக்குப் பிறகு முன்னாள் போராளிகளுக்கு அரசு நடத்திய புனர்வாழ்வை முடித்து வந்த ஓர் இளைஞர். வந்த சில மாதங்களிலேயே டிரம்ஸ், வாலிபர் கூட்டம், ஊர் ஊராகச் சாட்சி. கேட்கிறவர்களுக்கு அவர் கதை பிடித்தது, கேட்கக் கேட்கக் கதையும் வளர்ந்தது. குடியும் கூடவே திரும்பி வந்தபோது சொல்ல வெட்கம், ஏனென்றால் விடுதலையானதாக எத்தனையோ மேடையில் சொல்லியாயிற்று. இப்போது சபையில் இல்லை. 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் நூதன சீஷனைக் கண்காணி ஆக்கவேண்டாம் என்கிறது. கண்காணிப் பதவிக்கு மட்டும்தானே என்று அதை வாசித்துவிட்டு, மைக்கை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

காசு

துணையானவர் கையால் காசோ உலர் உணவோ போகக்கூடாது என்பது விதி. உதவி என்றால் சபையின் பொது ஏற்பாட்டில், விசுவாசி அல்லாதவருக்கும் உள்ள பட்டியலில். இன்னொரு விதி அனுபவத்தால் வந்தது: துணையும் புதியவரும் ஒரே நுண்கடன் குழுவில் இருக்கக்கூடாது. குழுக்கடனில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமைக்கிழமை வசூலுக்கு வருபவர் முன்னால், நேற்று ஒன்றாக ஜெபித்த இருவர் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ள நேர்ந்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தபோது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று படிவம் பார்த்துச் சொன்னதும் துணையானவர்கள்தான். அந்த மாதம் வேதபாடம் நடக்கவில்லை, கொப்பியும் பேனையுமாகக் கணக்குத்தான் நடந்தது.

ஆண்கள்

ஏற்பாட்டின் ஓட்டை இங்கே இருக்கிறது. பெண்களுக்குத் துணையாகப் போக ஐம்பது, அறுபது வயதுச் சகோதரிகள் இருக்கிறார்கள். அந்த வயதை ஒட்டிய ஆண்கள் வன்னிச் சபைகளில் குறைவு. ஏன் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பாஸ்டர் ஒருவரே எல்லா இளைஞர்களுக்கும் துணை என்றால் அது பழைய ஞாயிறு வகுப்புத்தான், பெயர் மட்டும் வேறு. அந்த மேசன் கணவர் இப்போது சில நாட்களில் மனைவியை இறக்கிவிட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் இருக்கிறார். அவரோடு போய்ப் பேச ஓர் ஆள் இல்லை.

பக்கத்துக் குடியேற்றங்களில் உள்ள இரண்டு சபைகளோடு சேர்ந்து, மூத்த ஆண்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சுத் தொடங்கியிருக்கிறது. ஒரு சபையின் மூப்பர் மற்றச் சபையின் புதியவரைப் போய்ப் பார்ப்பார், ஆனால் தன் சபைக்கு இழுக்கமாட்டார் என்பது யோசனை. இரண்டு தடவை கூடினார்கள். மூன்று போதகர்களும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ ஒருவர், அந்தப் புதியவர் தசமபாகத்தை எந்தச் சபைக்குக் கொடுப்பார் என்று கேட்டார். பேச்சு இப்போது அந்த இடத்தில் நிற்கிறது.